பொட்டு வைத்த இடம்

அத்தியாயம் 14

சமையலறை டப்பாவிலிருந்து ஓர் எலுமிச்சை அளவு புளியை உருட்டி எடுத்து, காலிப் பால் கவருக்குள் போட்டு, அதைப் பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டான் கார்முகில்.

ஷாரோன் பார்த்துவிட்டாள். அவள் பார்த்தது அவனுக்குத் தெரியாது.

ஒரகடத்துக் கம்பெனியில் மூன்று வேளையும் கேன்டீன் சோறு. அங்கே போகிறவனுக்குப் புளி எதற்கு? அதுவும் ஒளித்து எடுத்துப் போகிற புளி.

வேறொரு நாளாக இருந்தால் அங்கேயே கேட்டிருப்பாள். கொழுந்தனைக் கிண்டல் செய்ய இப்படி ஒரு வாய்ப்பை அவள் விட்டதில்லை. ஆனால் இந்த வீட்டில் போன வாரம் ஒரு சட்டம் வந்திருந்தது. போட்டவளும் அவள்தான்.

சட்டம் இதுதான்: கார்முகிலின் கம்பெனியில் நடப்பது எதையும் யாரும் ஷாரோனிடம் சொல்லக் கூடாது. ஷாரோனின் ஆபீஸில் நடப்பதை யாரும் கேட்கக் கூடாது.

காரணம் இருந்தது. ஷாரோன் வேலை பார்ப்பது 'கடற்காற்று' விமான நிறுவனத்தில். எந்த விமானத்தை வைத்துக்கொள்வது, எதைத் திருப்பிக் கொடுப்பது, புதியதை எப்போது வாங்குவது என்று கணக்குப் போடும் பிரிவு. கார்முகில் லைன் சூப்பர்வைசராக இருக்கும் தொழிற்சாலையோ, பல வருடங்களாகக் கார் சீட்டும் பஸ் சீட்டும் செய்துவிட்டு, இந்த வருடம்தான் விமான சீட்டுகளைப் புதுப்பிக்கும் வேலைக்குள் கால் வைத்தது. முதல் ஆர்டரை அது எதிர்பார்த்திருப்பது கடற்காற்றிடம்.

ஷாரோன் தன் மேலதிகாரி நரசிம்மனிடம் போய், "சார், அங்கே என் கொழுந்தன் வேலை பார்க்கிறான்" என்று சொன்னதும், வீட்டுக்கு வந்து சட்டம் போட்டதும் ஒரே நாளில் நடந்தன. அவள் கணவன் டில்லிபாபு ஓசூரில் ஒரு மாதப் பயிற்சியில் இருந்தான். போனிலேயே அவனுக்கும் சட்டம் படிக்கப்பட்டது.

"அம்மா, வரேன்" என்று ஞானம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கார்முகில் கிளம்பினான். கிளம்பும்போது கை ஒரு தடவை பேன்ட் பையைத் தொட்டுப் பார்த்தது.

ஷாரோன் தோசையைப் பிய்த்தபடி யோசித்தாள். புளி?

"ஷாரோனு, ஒண்ணு கேக்கட்டா?"

எதிரே ரத்தினம். மாமனார். ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்களின் சொந்தக்காரர். பஸ்ஸைப் பற்றிப் பேசாமல் அவரால் காபி குடிக்க முடியாது.

"ஆர்டர் மேட்டர் இல்லமா. பொதுவாத்தான்."

"கேளுங்க மாமா."

"என் வண்டிங்க பதினொண்ணு கீது. ரூட்டுல ஓட்றது பத்து. ஒண்ணு சும்மா நிக்கும். எது எப்ப படுத்துக்கும்னு தெரியாது இல்ல? பிளேனும் அப்டித்தானா?"

"அப்படித்தான். கையில ஒண்ணு ரெண்டு இருந்தாத்தான் காலையில தூக்கம் வரும்."

"பழசாய்ட்டா இன்னா பண்ணுவீங்க? நான்லாம் எஃப்.சி.க்கு முன்னாடியே எவன் தலையிலயாவது கட்டிடுவேன்."

ஷாரோன் சிரித்தாள். "பாதி பிளேன் எங்களோடதே இல்ல மாமா. வாடகைக்கு எடுத்தது. யார் தலையிலயும் கட்ட முடியாது. எடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கி, அந்தக் கம்பெனிகிட்டயே திருப்பிக் குடுக்கணும்."

"வாடகை வூட்டக் காலி பண்றப்ப வெள்ளையடிச்சிக் குடுக்கற மாதிரி."

"அதேதான். ஆணி அடிச்ச ஓட்டையைக்கூட எண்ணுவாங்க."

ரத்தினத்துக்கு இது பிடித்துப்போனது. டம்ளரைக் கீழே வைத்தார். "வயசு எப்டி பாப்பீங்க? கிலோமீட்டரா?"

"கிலோமீட்டர் பெரிசில்ல. எத்தனை தடவை ஏறி இறங்குச்சுங்கறதுதான். மேல போறப்ப உடம்பு உப்பும், இறங்கறப்ப சுருங்கும். டெல்லிக்கு ஓடறதைவிட மதுரைக்கும் கோவைக்கும் ஓடறது சீக்கிரம் கிழவனாயிடும்."

"ஸ்டாப்பு ஸ்டாப்பா நிக்கிற வண்டிக்குத்தானே கிளட்ச் போவும்! சரி, புதுசு வாங்கிக்கினு போறதுதானே? இன்னாத்துக்கு இந்தக் கஷ்டம்?"

"சொல்லி நாலு வருஷம் ஆச்சு. புள்ள வயித்துல இருக்கறப்பவே ஸ்கூல்ல சீட்டு சொல்லி வெக்கற மாதிரி, முன்னாடியே வரிசையில நிக்கணும். போன வருஷமே வந்திருக்கணும். இன்னும் ஒன்றரை வருஷம்ங்கறாங்க."

"அப்ப அது வர்ற வரைக்கும்?"

ஷாரோன் தோசையைப் பார்த்துக்கொண்டாள். "மாமா, சட்டம்."

"ஆமால்ல. மறந்துட்டேன்" என்று ரத்தினம் வாயில் விரலை வைத்துக்கொண்டார். விரலுக்குப் பின்னால் சிரிப்பு இருந்தது.

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் ஷாரோன் ஆறு மாதமாக எழுதிக்கொண்டிருந்தாள். கடற்காற்றிடம் இருப்பதிலேயே பழையவை ஆறு விமானங்கள். அவற்றின் குத்தகை அடுத்த ஆண்டு முடிகிறது. புதியவை சொன்ன தேதியில் வரும் என்று நம்பி அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் பறக்க ஆள் இருக்கும், விமானம் இருக்காது. ஆகவே அந்த ஆறையும் இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்வோம் என்பது அவள் திட்டம். எஞ்சின்கள் தாங்கும். உடல் தாங்கும். தாங்காதது உள்ளே இருக்கும் சீட்டுகள்தான். துணி கிழிந்து, சாய்மானம் உடைந்து, பயணிகள் வாரம் தவறாமல் படம் எடுத்து இணையத்தில் போடுகிறார்கள். வெளிநாட்டுப் பட்டறைகளில் அடுத்த ஆண்டு வரைக்கும் இடமில்லை. மிச்சமிருப்பது ஒரகடம்.

ஒரகடத்து சீட் தேறினால் திட்டம் நிற்கும். அடுத்த வாரம் டப்ளினிலிருந்து விமானத்தின் சொந்தக்காரக் கம்பெனி ஆள் வந்து, விமானங்களைச் சுற்றிப் பார்த்து, குத்தகை நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடுவார். தேறாவிட்டால் திட்டம் இல்லை. கார்முகிலின் லைனும் இல்லை. மாதக் கடைசியில் அந்த விமான சீட் கூடத்தை மூடிவிடுவார்கள் என்பது சட்டம் வருவதற்கு முன்பே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

ரத்தினத்தின் போன் ஒலித்தது. திரையில் அவர் வைத்திருந்த படத்தில் ஷாரோன். போன மாதம் ஆயுத பூஜையன்று மீனம்பாக்கத்தில், விமானங்களைப் பழுது பார்க்கும் ஹேங்கரில் எடுத்த படம். பச்சைப் புடவை கட்டி, குங்குமச் சிமிழ் பிடித்து, எஞ்சின் வாயின் பளபளக்கும் விளிம்பில் எட்டிப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள். 'மேடம், லேடீஸ் நீங்க ஒருத்தர்தான், நீங்களே வைங்க' என்று மெக்கானிக்குகள் சொல்லி வைத்த பொட்டு. பூந்தமல்லியில் இருக்கும் தன் அம்மாவிடம் மட்டும் அந்தப் படத்தை அவள் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அது ஒரு வழக்காகிவிடும்.

ரத்தினமோ அதைத் தன் டிரைவர்கள் அத்தனை பேருக்கும் காட்டியிருந்தார். "என் வண்டிக்கு நான் பொட்டு வெக்கிறேன், எங்க மருமக பிளேனுக்கு வெக்கிறா பாரு!"

போனில் யாரோ ரூட்டைப் பற்றிக் கேட்டார்கள். "செம்பரம்பாக்கம் ஏரியில தண்ணி தொறக்கலய்யா, சும்மா புரளி. நீ குன்றத்தூர் வழியாவே எடு" என்றபடி அவர் மழைக்குள் இறங்கிப் போனார்.

அடுத்து ஒலித்தது ஷாரோனின் போன். நரசிம்மன்.

"ஷாரோன், இன்னிக்கு ஒரகடத்துல சாம்பிள் பாக்கப் போறோம். வழியில உன்னை ஏத்திக்கறேன்."

"நானா சார்? நான் வரக் கூடாதுன்னு..."

"ஒரு வரிசை சீட்டுக்கு எவ்வளவு நேரம் எடுக்கறாங்கன்னு நீ கண்ணால பாக்கணும். இல்லேன்னா உன் அட்டவணை வெறும் ஆசை. ஆனா சீட் நல்லாருக்கா இல்லையான்னு சொல்றது பிரசன்னா. அதுல நீ வாயே திறக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது சார்."

புரிந்தது. ஆனால் போனை வைத்ததும் அவள் மனம் போன இடம் அட்டவணை இல்லை. பால் கவர்.

* * *

கம்பெனி வாசலில் கார்முகில் குடையோடு நின்றிருந்தான். காரிலிருந்து முதலில் நரசிம்மன் இறங்கினார். அடுத்து, தரம் பார்க்கும் பிரிவிலிருந்து வந்த பிரசன்னா, தோளில் கறுப்புப் பையோடு.

மூன்றாவதாக இறங்கியவளைப் பார்த்ததும் கார்முகிலின் குடை ஒரு பக்கம் சாய்ந்தது.

"வாங்க அண்..." என்று ஆரம்பித்தவன் திருத்திக்கொண்டான். "வாங்க மேடம்."

"குடையை நேராப் பிடிப்பா, சார் நனையறார்" என்றாள் ஷாரோன்.

பழைய கூடத்தில் கார் சீட் லைன் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிக் கண்ணாடிக் கதவைத் திறந்தால் புதிய கூடம். வெள்ளைத் தரை, சத்தமில்லை. நீலச் சட்டை போட்ட பதினைந்து இருபது பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

நடுவில், ஒரு மேடைமேல், சாம்பிள். மூன்று சீட் கொண்ட ஒரு வரிசை. அந்த ஆறு விமானங்களில் ஒன்றிலிருந்து கழற்றி அனுப்பியது. துணியையும் பஞ்சையும் உரித்து, அலுமினியச் சட்டம் வரைக்கும் வெறுமையாக்கி, சோதித்து, பூச்சுப் பூசி, மறுபடி உடுத்தியிருந்தார்கள்.

"கழட்டறதுலேர்ந்து மாட்டறது வரைக்கும் இவருதான் சார்" என்று கார்முகில் ஒருவரை முன்னால் தள்ளினான். "இசக்கிதுரை. தென்காசிப் பக்கம்."

நாற்பது வயது மனிதர் கும்பிட்டார். "வாங்க சார். நல்லா பாருங்க. குத்தம் இருந்தா சொல்லுங்க, சரி பண்ணிருவோம்."

நரசிம்மன் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து சாய்ந்தார், நிமிர்ந்தார், மேஜைத் தட்டை இறக்கினார், ஏற்றினார். பிரசன்னா டார்ச்சும் சிறு கண்ணாடியுமாகப் பெல்ட்டிலிருந்து ஆரம்பித்தார். தையல். பஞ்சு. தீ பிடிக்காத துணிக்கான சோதனைத் துண்டு. ஒவ்வொன்றிலும் தலையசைத்தார். ஷாரோன் மேடையின் ஒரு ஓரமாக நின்று, இசக்கிதுரையும் இன்னொருவரும் வேறொரு வரிசையைக் கழற்றுவதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அவள் நினைத்ததைவிட வேகம். ஓரிடத்திலும் கை தடுமாறவில்லை.

"வேலை சுத்தம் சார்" என்றார் பிரசன்னா.

கூடத்தில் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது.

"சீட்டோட கால்?" என்று நரசிம்மன் கேட்டார்.

"பாத்துட்டேன். பின்பக்கக் கால் ஒண்ணுக்குக் கவர் போட்டுட்டாங்க. மத்ததெல்லாம் பாத்ததுல நல்லாருக்கு."

ஷாரோனின் குடையிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கத் துணி கொடுத்தார்கள். குனிந்தாள். குனிந்த கண்ணுக்கு நேரே அந்தக் கவர் போட்ட கால். மற்ற கால்களுக்கு இல்லாத பிளாஸ்டிக் கவர் இதற்கு மட்டும் ஏன்?

புது பெயின்ட் வாசனை. லேசாக.

கவரைப் பிடித்திருந்த திருகாணியின் பள்ளத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. பழுப்பு நிறத்தில் ஒரு நார்.

இருபது வருடமாக ரசம் வைக்கிறவளுக்கு அது என்ன நார் என்று முகர்ந்து பார்க்க வேண்டியதில்லை.

* * *

டீ வந்தது. நரசிம்மனும் பிரசன்னாவும் கண்ணாடி அறைக்குள் போனார்கள். ஷாரோன் தண்ணீர் கேன் இருக்கும் மூலைக்குப் போய், கார்முகிலைக் கண்ணால் கூப்பிட்டாள்.

"முகில், புளி எங்க?"

"இன்னா புளி?"

"காலையில பால் கவர்ல உருட்டினது."

கார்முகில் சுற்றிலும் பார்த்தான். குரல் இறங்கியது. "அண்ணி, கத்தாதீங்க."

"நான் கத்தல. சொல்லு."

சொன்னான். ஆயுத பூஜைக்குக் கூடத்தில் எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்தார்கள். முதல் விமான சீட் என்று அந்த வரிசையின் பின்பக்கக் காலுக்கும் இசக்கிதுரை ஆசையாக சந்தனம் குங்குமம் வைத்தார். அன்றைக்கு அது உரித்துப் போட்ட வெறும் அலுமினியச் சட்டம். லீவெல்லாம் முடிந்து வந்து துடைத்தார்கள். பூச்சும் பூசியாயிற்று. முந்தாநாள் பார்த்தால், பொட்டு இருந்த இடத்தில் பூச்சு காசு அளவுக்குக் கொப்பளித்திருந்தது.

"சொரண்டிப் பாத்தேன். அடியில கறுப்பா கறை. அம்மா குத்துவிளக்கப் புளி போட்டுத்தானே பளபளன்னு ஆக்கும்? அதான்..."

"ஆச்சா பளபளன்னு?"

"இல்ல. வெள்ளையா, சொரசொரன்னு ஆய்ட்ச்சு. மேல டச்-அப் பெயின்ட் அடிச்சிக் கவர் மாட்டிட்டேன்."

ஷாரோன் கண்ணை மூடித் திறந்தாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே முகில்."

"யாரு, உங்களயா?" அவன் குரலில் முதல் தடவையாகக் கோபம் வந்தது. "நீங்கதானே சட்டம் போட்டீங்க? கம்பெனி பேச்சே எடுக்கக் கூடாதுன்னு? ராத்திரி சோறு துன்ற எடத்துல எதிருக்க நீங்க உக்காந்துகினு கீறீங்க, அலுமினியத்துல புளி வெக்கலாமான்னு கேக்க முடியல என்னால!"

சட்டம் சரியானதுதான். சரியான சட்டம் இப்படியும் ஒரு வேலை செய்யும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"தம்மாத்தூண்டு கறை அண்ணி. கார் சீட்டுக்கு எத்தினி வருசமா பொட்டு வெக்கிறோம், ஒண்ணும் ஆவல."

"அது இரும்பு. இது அலுமினியம். மூணு பேரு உக்காந்திருக்கறப்ப, பிளேன் தரையில இடிச்சு நின்னா, அவங்களை முன்னால பறக்க விடாமப் பிடிக்கறது இந்தக் கால்தான். பெயின்ட்டுக்கு அடியில அரிக்க ஆரம்பிச்சா யாரு கண்ணுக்கும் தெரியாது. ரெண்டு வருஷம் இது பறக்கும்னு சொல்லியிருக்கறவ நான்."

"சொன்னா லைன் போய்டும்."

ஷாரோன் கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாத மாதிரி இருங்களேன். வந்ததுலேர்ந்து நீங்க பேசவே இல்ல. வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிதானே இட்டாந்துகிறாரு?"

அந்த நாரைப் பார்த்த நிமிடத்திலிருந்து அவள் மனதின் ஓர் ஓரம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. பேசாதே என்று உத்தரவு. கீழ்ப்படிந்தால் திட்டம் தேறும், கொழுந்தன் தேறுவான், யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது.

"முகில், நீயே போய்ச் சொல்லு" என்றாள். "இப்ப சொன்னா இது ஒரு தப்பு. நீ சொல்லாம நான் சொன்னேன்னா, மறைச்ச தப்பு. ரெண்டும் ஒண்ணில்ல."

கார்முகில் தண்ணீர் கேனையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்னாலிருந்து குரல் வந்தது.

"சார், பொட்டு வச்சது நானு. நானே போய்ச் சொல்லுதேன்."

இசக்கிதுரை. கையில் டீ டம்ளர். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ.

"யோவ், நீ சும்மா இரு. உன் கான்ட்ராக்ட்டே மாசக் கடைசியில முடியுது."

"அதுக்காக? நான் வச்ச பொட்டுக்கு நீங்க பதில் சொல்லுவியளா? நல்லாருக்கே கதை."

இருவரும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு கண்ணாடி அறையை நோக்கி நடந்தார்கள். ஷாரோன் பின்னாலேயே போனாள்.

* * *

"மொத விமான சீட்டுல்லா சார்" என்றார் இசக்கிதுரை. "மிஷினுக்கெல்லாம் வச்சிட்டு இதை மட்டும் வெறுமன விட மனசு வரல. குங்குமத்தை நல்லா அழுத்தித்தான் வச்சேன்."

"பொட்டுதான் சார் அவரு வெச்சது" என்று கார்முகில் குறுக்கிட்டான். "பொறவு சொரண்டனது, புளி போட்டுத் தேச்சது, பெயின்ட் அடிச்சி மறைச்சது எல்லாம் நானு. அவருக்கு அது தெரியாது."

"புளியா?" என்றார் பிரசன்னா. இத்தனை வருட வேலையில் இந்த வார்த்தையை அவர் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

எல்லோரும் மேடைக்குத் திரும்பினார்கள். பிரசன்னா கவரைக் கழற்றி, ஏதோ திரவத்தில் துணியை நனைத்து, ஈரம் காயாத பெயின்ட்டைத் துடைத்தார். வெள்ளையாக, வட்டமாக, சொரசொரப்பாக அந்த இடம் வெளியே வந்தது. நகத்தால் கீறினார். நகம் ஒரு சின்னக் குழியில் இறங்கியது.

கார்முகில் தன் ஷூவைப் பார்த்தான்.

நரசிம்மன் வெகுநேரம் குனிந்து பார்த்தார். திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கேட்டது வேறு.

"பிரசன்னா, பூச்சு இருந்திருந்தா இது ஆகியிருக்காது இல்ல?"

"ஆகாது சார். வெறும் உலோகத்து மேல குங்குமம் ஈரத்தோட நாள் கணக்கா இருந்ததாலதான்னு நினைக்கறேன். குங்குமத்துல என்னென்ன கலக்கறாங்களோ."

"நம்ம பிளேன்ல வெறும் அலுமினியம் வெளியில தெரியற இடம் எதெல்லாம்?"

"இறக்கையோட முன் ஓரம் சார். அப்புறம் எஞ்சின் வாயோட விளிம்..."

பிரசன்னா பாதியில் நிறுத்தினார்.

ஷாரோனுக்கு அந்தப் படம் நினைவுக்கு வந்தது. பச்சைப் புடவை. சிமிழ். எட்டாத உயரத்துக்கு மெக்கானிக்குகள் இழுத்துப் போட்ட ஏணிப்படி. பளபளக்கும் விளிம்பில், தன் முகம் கோணலாகத் தெரிந்த அந்த இடத்தில், மூன்று விரலால் சந்தனம். அதன் நடுவே குங்குமம்.

"போன மாசம் ஹேங்கர்ல பூஜை போட்டோமே" என்று நரசிம்மன் மெல்லச் சொன்னார். "யாரோ எஞ்சினுக்குப் பொட்டு வெச்சாங்க. குரூப்ல படம்கூட வந்துது." பையிலிருந்து போனை எடுத்தார். விரல் திரையில் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனது.

அவர் தேடட்டும் என்று இருக்கலாம். ஆபீஸ் குரூப்பில் ஒரு மாதத்துக்கு எத்தனையோ படம் வரும். கார்முகில் இன்னும் ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தேட வேண்டாம் சார்" என்றாள் ஷாரோன். "அது நான்தான்."

நரசிம்மனின் விரல் நின்றது. கார்முகில் தலையைத் தூக்கினான்.

"எந்த பிளேன்?"

"அந்த ஆறுல ஒண்ணு."

அடுத்த வாரம் டப்ளின்காரர் சுற்றி வந்து பார்க்கப்போகிற ஆறு.

நரசிம்மன் ஹேங்கருக்குப் போன் போட்டார். அந்த விமானம் மதுரைக்குப் போயிருப்பதாகவும், மத்தியானத்துக்கு மேல் திரும்பி வரும் என்றும் பதில் வந்தது.

"இறங்கினதும் ரெண்டு எஞ்சின் வாயையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. படம் எடுத்து அனுப்புங்க. துடைக்காதீங்க." ஒரு கணம் கார்முகிலைப் பார்த்தார். "முக்கியமா, எதையும் போட்டுத் தேய்க்காதீங்க."

இசக்கிதுரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ டம்ளரை வாயில் வைத்து மறைத்துக்கொண்டார்.

"அப்ப எங்க ஆர்டர் சார்?" என்றான் கார்முகில்.

"அந்தக் காலைக் கழட்டித் தனியா எடுத்து வை. யாரும் தொடக் கூடாது. புதுக் கால் போட்டு இன்னொரு வரிசை பண்ணு. ஆர்டர் தரேன்னு நான் சொல்லல. தரலைன்னும் சொல்லல. உங்க பொட்டைக் குத்தம் சொல்றதுக்கு முன்னால எங்க பொட்டை ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரேன்." அவர் ஷாரோனின் பக்கம் திரும்பினார். "வாய் திறக்கக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்னீங்க சார்."

"ம்" என்றார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை. நரசிம்மன் டிரைவரைத் தேடிப் போய்விட்டார்.

* * *

வாசலில் மழை விட்டிருந்தது. கார் திரும்பி வரும்வரை ஷாரோனும் கார்முகிலும் செக்யூரிட்டி கூண்டின் தகரத்துக்கு அடியில் நின்றார்கள். சாலையில் ரத்தினத்தின் பஸ் ஒன்று மதிய ஷிப்ட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. முன்கண்ணாடியில் ஆயுத பூஜைப் பொட்டு இன்னும் அழியாமல் இருந்தது. டிரைவர் ஷாரோனை அடையாளம் கண்டு ஹாரன் அடித்தான்.

"நீங்க பொட்டு வெக்கிற படத்த நைனா போன்லேர்ந்து முதல்ல எடுக்க சொல்லணும்" என்றான் கார்முகில்.

"அவர் எடுக்க மாட்டார்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் அடங்கியது.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டா? இனிமே கேக்கலாம் இல்ல?"

"கேளு."

"எங்க பொட்ட லீவு முடிஞ்சி வந்துதான் தொடச்சோம். அதான் அரிச்சிட்ச்சு. அன்னிக்கே தொடச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. உங்க பொட்ட எப்ப தொடச்சாங்க?"

ஷாரோன் யோசித்தாள். சந்தனத்தின் குளிர்ச்சி ஞாபகம் இருந்தது. புடவையில் சிந்திய குங்குமம், கைதட்டல், பூசணிக்காய் உடைந்த சத்தம், "மேடம், இங்க பாருங்க" என்று படம் எடுத்த பையன், எல்லாம் ஞாபகம் இருந்தது. துணியோடு ஏணியில் ஏறிய ஒருவரையும் ஞாபகமில்லை.

ஆனால் வேறொன்று தெரியும். அந்த விமானம் பூஜைக்கு மறுநாள் கிளம்பவில்லை. ஒரு உதிரிபாகம் வந்து சேரவில்லை என்று, அது ஒரு வாரம் முழுக்க ஹேங்கரிலேயே நின்றது. நிறுத்தி வைத்து, அதன் நடைகளை மற்ற விமானங்களுக்குப் பிரித்துக் கொடுத்து அட்டவணை போட்டவளே அவள்தான்.

"தெரியல முகில்" என்றாள்.

செம்பரம்பாக்கம் பக்கத்து மேகத்துக்குள்ளிருந்து, இறங்குகிற விமானத்தின் இரைச்சல் வந்தது. மதுரையிலிருந்து திரும்புகிற அதுவாகக்கூட இருக்கலாம். இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேகம்தான் தெரிந்தது. சத்தம் அவர்களுடைய தலைக்கு மேலாக, மீனம்பாக்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.